கணக்கில் வராத கோல்

குளிர் வாரங்கள் வந்துவிட்டால் எருக்கஞ்சேரியில் விடியும்வரை தூங்குகிறவர்கள் குறைவு. மார்கழியின் கடைசியில் தொடங்கித் தையின் பாதி வரைக்கும், வெயில் ஏறுவதற்கு முன்னால் கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் மனிதர்கள் வெட்டவெளியில் ஓடலாம். வெப்பச் சட்டம் அப்படி. மைதானத்து வாசலில் இருக்கும் விளக்கு பச்சையாக எரிந்தால் ஓடலாம். சிவப்புக்கு மாறினால் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நிழலுக்குப் போய்விட வேண்டும். மீறி ஓடினவனுக்கு அபராதம், ஓடவிட்டவனுக்குச் சிறை.

சற்குணம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். இரவு வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராக மைதானத்து வேலிக்கு வந்துவிடுவாள். வேலியை ஒட்டிக் கஜபதியின் சூப்புக் கடை. சூப்பைவிட அவருடைய வாய்க்குத்தான் கூட்டம் அதிகம். கடைக்கூரையில் ஒரு கேமராவைக் கட்டி, எருக்கஞ்சேரி அணியின் பயிற்சியைத் தினமும் வர்ணனை செய்து ஒளிபரப்புவார். வடசென்னையில் பாதிப் பேர் அதைக் கேட்டுக்கொண்டுதான் பல் தேய்ப்பார்கள்.

"இன்னா தங்கச்சி, உன் தம்பி இன்னிக்கும் ஓரமா உக்காந்துகினு கீறான்?" என்றார் கஜபதி.

"கணுக்கால் வீக்கம் இன்னும் வத்தலண்ணே. நாளைக்கு எறங்கிடுவான்."

"நாளைக்குன்னா மீதி எவ்ளோ நாள் கீது? ராயபுரத்துக்காரனப் பாரு. நாலு சேனலு, ஆறு டிரோனு அவன் தலைக்கு மேல சுத்துது. நம்ம பக்கம் வந்தது ஒண்ணே ஒண்ணு, அதுவும் வழி தப்பி வந்துச்சு."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவன், புதிதாக வந்திருக்கும் இடதுபக்கத் தடுப்பாட்டக்காரன் நன்றாக ஓடுகிறான், இந்த வருஷம் நாலாவது இடம் நிச்சயம் என்றான். இன்னொருவன், கோல் அடிக்க ஆளில்லாமல் தடுத்து மட்டும் என்ன செய்வது என்று கேட்டான். எல்லோர் கண்ணும் மைதான ஓரத்தில் ஐஸ் பையைக் காலில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த சகாயத்தின் மேல் போயிற்று. சகாயம் சற்குணத்தின் தம்பி. போன வருஷம் அணியில் அதிக கோல் அவன் பெயரில்தான்.

அந்தக் கோல்களில் ஒன்றைக்கூட அவன் காலால் அடித்ததில்லை. லீக் ஆட்டங்களை யாரும் ஆடுவதில்லை. குளிர் வாரங்களில் ஆட்டக்காரர்கள் உணரிச் சட்டை போட்டுக்கொண்டு பயிற்சி எடுப்பார்கள். ஓட்டம், மூச்சு, இதயத் துடிப்பு, பந்தைத் தொடும் கோணம் எல்லாம் அதில் பதிவாகும். தை பாதியில் சட்டைகளைக் கழற்றிக் கணிப்பகத்துக்கு அனுப்பிவிட்டால் ஆட்டக்காரர்கள் அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். மீதி வருஷம் முழுக்க அந்தப் பதிவுகளை வைத்துக் கணிப்பகத்தின் இயந்திரம் ஆடும். சனிக்கிழமை சாயங்காலம் அந்த நிகழ்கணிப்பு ஊரெங்கும் திரையில் ஓடும். சட்டை நனைகிற வியர்வை வரைக்கும் அச்சு அசலாக இருக்கும். தொடக்கத்தில் ஜனங்கள் திரை மேல் கல்லெறிந்தார்கள். பிறகு பழகிவிட்டது. இயந்திரம் இதுவரை ஒருமுறைகூடத் தப்பியதில்லை என்று கணிப்பகம் பெருமையாகச் சொல்லும். தப்பு என்று காட்ட எதிரே ஓர் ஆட்டம் இருந்தால்தானே?

ஊடகங்களின் பேச்சும் கணக்கில் சேர்ந்தது. ஓர் ஆட்டக்காரனைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்பதை வைத்து அவனுடைய மனவலுவை இயந்திரம் மதிப்பிடும். அதனால் வேலியோரத்தில் சண்டை போட்டாலும், கேமரா ஓடும்போது எருக்கஞ்சேரிக்காரர்கள் தங்கள் அணியைப் பற்றி நல்லதாகவே பேசுவார்கள்.

பயிற்சியின் கடைசி இரண்டு நாள்தான் சகாயம் களத்தில் இறங்கினான். காலை ஊன்றத் தயங்கினான். எளிதான பந்து ஒன்று அவனைத் தாண்டிப் போயிற்று. கஜபதியால் பொறுக்க முடியவில்லை. ஒலிவாங்கியில், "பையன் பயப்படுறான்பா" என்று சொல்லிவிட்டார்.

சற்குணம் கையிலிருந்த சூப்புக் கிண்ணத்தைப் பலகையில் வைத்தாள். "அண்ணே, இன்னா சொல்லிட்ட நீ?"

கஜபதி ஒலிவாங்கியைக் கையால் பொத்தினார். ஆனால் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் பெரிய சேனல் ஒன்று அந்த வார்த்தையைத் தலைப்பாகவே போட்டது. ராயபுரத்துக்கு ஆறு டிரோன் அனுப்பினவர்கள் எருக்கஞ்சேரியைப் பற்றி அந்த வருஷம் சொன்னது அது ஒன்றுதான்.

லீக் தொடங்கிய முதல் சனிக்கிழமையே திரையில் சகாயம் தடுமாறினான். அதற்கடுத்த வாரமும் அப்படியே. சித்திரை, வைகாசி என்று தோல்வி மேல் தோல்வி. ஆனியில் எருக்கஞ்சேரி அட்டவணையின் அடியில் கிடந்தது. அங்கேயே முடித்தால் லீக்கிலிருந்து நீக்கிவிடுவார்கள். நீக்கப்பட்ட அணிக்குக் குளிர் வாரங்களில் மைதானம் கிடையாது. அதோடு சரி, எருக்கஞ்சேரியில் யாரும் பந்து உதைக்க வழியில்லை.

சகாயத்துக்குக் கணுக்கால் எப்போதோ சரியாகிவிட்டது. குளிர்பதனக் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். சனிக்கிழமை தோற்றால் ஞாயிற்றுக்கிழமை சாப்பிடமாட்டான்.

"நீயாடா ஆடுன? வருத்தப்படுறதுக்கு?" என்று சற்குணம் ஒருநாள் கேட்டாள்.

"நான்தானேக்கா அது. என் காலு, என் மூச்சு. வேற யாரு?"

ஆடியில் யாரும் எதிர்பாராமல் கடலில் ஒரு புயல் சின்னம் உருவானது. மூன்று நாள் வானம் மூடிக்கிடந்தது. குளிர்ந்த தூறல் விழுந்தது. அந்த வாரம் பகல் வேலைக்குப் போகிற வழியில் சற்குணம் மைதானத்து வாசலைப் பார்த்தாள். விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. ஆடி மாசத்தில், பட்டப்பகலில்.

அவள் பேருந்தை விட்டுவிட்டு அங்கேயே நின்றாள். பிறகு ஆல்வினுக்குப் போன் போட்டாள். ஆல்வின் அவளோடு துறைமுகத்தில் வேலை செய்கிறவன். முதலிடத்தில் இருந்த ராயபுரம் ரோவர்ஸின் தலைவன்.

"ஆல்வின், நாளைக்குக் காலைல உன் பசங்களக் கூட்டிக்கினு எங்க கிரவுண்டுக்கு வா. ஒரு மேட்ச் ஆடலாம்."

"மேட்சா? இன்னாக்கா சொல்ற? யாரு கணக்குப் போடுவா?"

"யாரும் போடமாட்டாங்க. ஆடுவீங்க. யாரு ஜாஸ்தி கோல் போடுறீங்களோ அவங்க ஜெயிச்சாங்க."

ஆல்வின் சொன்னான்: "முழுசா தொண்ணூறு நிமிஷம் நான் ஆடுனதே இல்லக்கா. வர்றேன்."

சகாயத்தை இழுத்துவருவதுதான் பெரும்பாடாக இருந்தது. "சனிக்கிழமை மேட்சுல ராயபுரம் மூணு கோல்ல ஜெயிப்பாங்கன்னு முன்கணிப்புல கீது. எதுக்குக்கா அசிங்கப்படணும்?" என்றான். கையைப் பிடித்துக் கூட்டிவந்து களத்தில் நிறுத்தினாள்.

மழை விட்டிருந்த காலையில் ஆட்டம் தொடங்கியது. செய்தி பரவி வேலியைச் சுற்றி நல்ல கூட்டம். ஆனால் யாருக்கும் எப்படிப் பார்ப்பதென்று தெரியவில்லை. திரையில் எப்போதும் ஓரத்தில் வெற்றி வாய்ப்பு சதவீதமாக ஓடிக்கொண்டிருக்கும். அது ஏறினால் கைதட்டுவார்கள், இறங்கினால் தலையில் அடித்துக்கொள்வார்கள். இங்கே சேறும் இருபத்திரண்டு பேரும்தான் இருந்தார்கள். கஜபதி ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றார்.

ஆட்டக்காரர்களுக்கும் தெரியவில்லை. பயிற்சியில் செய்வதுபோலக் கொஞ்ச தூரம் வேகமாக ஓடிவிட்டு, உணரி இல்லாத சட்டையைத் தொட்டுப் பார்த்தார்கள். ராயபுரம் முதல் கோலைப் போட்டது. எருக்கஞ்சேரியின் புதிய தடுப்பாட்டக்காரன், யாரும் சொல்லாமலே பந்தோடு முன்னேறிப்போய் அதைச் சமன் செய்தான். இடைவேளைக்குப் பிறகு பாதிப் பேருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அதுவரை அவர்கள் உடம்பு அவ்வளவு நேரம் ஓடியதில்லை.

முடிவை நெருங்கும்போது ராயபுரத்தின் கோல் பகுதிக்குள் நீளமான பந்து ஒன்று வந்தது. தடுப்பாட்டக்காரர்கள் இருவர் அதைத் துரத்திப் பாய்ந்தார்கள். பந்து குட்டையில் விழுந்து அப்படியே நின்றுவிட்டது. இருவரும் வழுக்கிக்கொண்டு அதைத் தாண்டிப் போனார்கள். களைத்துப் பின்தங்கி வந்த சகாயத்தின் காலடியில் பந்து கிடந்தது. அவன் இடது காலால் லேசாகத் தள்ளினான். சேற்றுத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அது கோலுக்குள் உருண்டது.

சற்குணம் கத்தினாள். அவள் குரல் மட்டும்தான் கேட்டது.

நடுவராக நின்றவர் ஊதல் ஊதியதும் ஆல்வின் சேற்றில் மல்லாந்து படுத்துவிட்டான். சற்குணம் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். "தோத்தா இப்படித்தான் இருக்கும்னு தெரியாதுக்கா. நெஞ்சு எரியுது. ஆனா நல்லாக் கீது."

வேலியோரத்தில் வாக்குவாதம் தொடங்கியிருந்தது. தரை ஈரம், அதனால் ராயபுரத்தின் வேகம் எடுபடவில்லை என்றான் ஒருவன். ராயபுரத்துக்காரர்கள் விளையாட்டாக எடுத்துக்கொண்டார்கள், மனசு வைத்து ஆடவில்லை என்றான் இன்னொருவன். எல்லோரும் எருக்கஞ்சேரிக்காரர்கள்தான். தங்கள் அணி ஜெயித்தது ஏன் உண்மையாக இருக்க முடியாது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

"அண்ணே, நீயாவது சொல்லு. கண்ணால பாத்தல்ல?" என்றாள் சற்குணம்.

கஜபதி தரையைப் பார்த்தார். "பாத்தேன் தங்கச்சி. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா சட்ட போடலியே. சட்ட போடாம இன்னான்னு சொல்றது?"

"அன்னிக்கு ஒரு வார்த்த சொன்னியே, அதுக்கு எந்தச் சட்ட போட்டிருந்த?"

அவர் ஒலிவாங்கியை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

கணிப்பகத்துக்கும் அவள் போன் செய்தாள். பொறுமையான ஒரு குரல், உணரித் தரவு இல்லாத ஆட்டம் ஆட்டமாகக் கருதப்படுவதில்லை என்று சொல்லி, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டது.

வீட்டுக்கு வந்தால் சகாயம் கால்கூடக் கழுவாமல் உட்கார்ந்திருந்தான். அவள் அவன் தலையைத் தடவினாள்.

"அருமையான கோல்டா."

"அது கோலே இல்லக்கா. நான் அங்க லேட்டா வந்தேன். வேகமா ஓடியிருந்தா பந்து எனக்குக் கெடச்சிருக்காது. அது இன்னா ஆட்டம்? ஆல்வினுக்குப் போன் போட்டு ஸாரி சொல்லிட்டேன்."

அந்த வாரமே லீக்கில் எருக்கஞ்சேரியும் ராயபுரமும் மோதின. சூப்புக் கடையில் இடமில்லாமல் தெருவரை ஆட்கள் நின்றார்கள். தோற்றால் நீக்கம் உறுதி. திரையில் புல் காய்ந்து பளபளத்தது; புயலோ சேறோ அங்கே இல்லை. ராயபுரம் ஒன்று போட்டது, இரண்டு போட்டது. ஆட்டத்தின் நடுவில் சகாயத்துக்குக் கோலுக்கு நேர் எதிரே ஒரு பந்து கிடைத்தது. திரையில் இருந்த சகாயம் தயங்கினான், உதைத்தான், பந்து கம்பத்துக்கு வெளியே போயிற்று. ஓரத்தில் மின்னிய சதவீதம் சுழியத்துக்கு இறங்கியது.

கடை மொத்தமும் ஓலமிட்டது. கஜபதி தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினார். "நான் சொன்ன ஒரு வார்த்ததான்பா, என் நாக்குதான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வளர்ந்த ஆண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள். மூன்றாவது கோலையும் ராயபுரம் போட்டபோது யாரும் பார்க்கவில்லை.

சகாயமும் அழுதான். ஆனால் அக்காவின் பக்கம் திரும்பியபோது அவன் முகம் தெளிந்திருந்தது. லீக் தொடங்கியதிலிருந்து அவனிடம் அப்படி ஒரு நிம்மதியை அவள் பார்த்ததில்லை.

"பாத்தியாக்கா? நான்தான் சொன்னேன்ல. அந்த எடத்துல என்னால போட முடியாது."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கூட்டம் அவனைச் சூழ்ந்துகொண்டது. ஒருவன் கட்டிக்கொண்டான், ஒருவன் முதுகைத் தட்டினான், கஜபதி அவன் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவன் சேற்றில் கோல் போட்டுவிட்டு நின்ற காலையில் இவர்களில் ஒருவர்கூட அவன் பக்கம் வரவில்லை. அக்காவுக்கு அங்கே நிற்க இடமில்லாமல் போயிற்று. அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.