புகை மேலே வரவில்லை

பாய்லருக்குள் அவள் போட்ட மூன்றாவது புகை மாத்திரையும் எரிந்து தீர்ந்தது. மொட்டைமாடியில் நிற்கும் கணவனிடமிருந்து போனில் அதே பதில்தான் வந்தது.

"ஒண்ணும் வரல."

"நல்லாப் பாத்தீங்களா?"

"ஆறு மாடி உசரத்துல, இந்தக் குளிர்ல, புகைபோக்கி வாயையே மொறச்சுப் பாத்துக்கிட்டு நிக்கறேன். வேற எதைப் பாக்கப்போறேன்? எதிர்வீட்டு ஜன்னல்கூட மூடிக் கெடக்கு."

"ஓகோ, அது மூடிக் கெடக்கறது வரைக்கும் பாத்தாச்சா?"

"மேஸ்திரியம்மா, வேலையப் பாருங்க."

அவன் அவளை மேஸ்திரியம்மா என்பது பாதி கிண்டல், பாதி நிஜம். எண்ணெய் பாய்லர் பொருத்தும் உரிமம் அவள் பெயரில் இருக்கிறது. அவன் குழாய் வேலைக்காரன். பதினெட்டு வருஷமாக ஒரே வண்டியில் வேலைக்குப் போய், ஒரே வண்டியில் சண்டை போட்டுக்கொண்டே வீடு திரும்புகிறவர்கள். இந்தக் கட்டிடம் பழையது. பழுது பார்ப்பதற்காக எல்லாரையும் வெளியே அனுப்பியிருந்தார்கள். நாளைக் காலை பன்னிரண்டு குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு திரும்பி வருகின்றன. அதற்குள், வீடுகளைச் சூடேற்றும் இந்தப் புதுப் பாய்லர் பேஸ்மென்டில் எரிய வேண்டும்.

ஆனால் அவளிடம் ஒரு கண்டிப்பு உண்டு. புகை மாத்திரையைப் பாய்லருக்குள் கொளுத்திப் போட்டு, அந்தப் புகை கட்டிடத்தின் உச்சியில் வெளியேறுவதைக் கண்ணால் பார்க்காமல் பர்னரை ஏற்ற மாட்டாள். பர்னரின் விஷப்புகை எங்கோ ஒரு சுவரில் கசிந்து ஒரு படுக்கையறைக்குள் போனால், அங்கே தூங்குகிறவர்கள் காலையில் எழுந்திருக்க மாட்டார்கள். அப்படிப் போன ஒரு வீட்டை அவள் பார்த்திருக்கிறாள்.

புகை உள்ளே போகவில்லை என்றால்கூட ஏதோ அடைப்பு என்று சொல்லிவிடலாம். இது போகிறது. குழந்தை பால் குடிக்கிற மாதிரி, ஒரு இழை பாக்கி வைக்காமல் உறிஞ்சிக்கொண்டு போகிறது. இரண்டாவது மாத்திரைக்குப் பிறகு ஆறு மாடியிலும் ஒவ்வொரு சுவராக மூக்கை வைத்து மோப்பம் பிடித்துவிட்டுத்தான் அவன் மறுபடி மேலே போயிருந்தான். எந்த அறையிலும் வாசனை இல்லை. மூன்று மாத்திரைப் புகையும் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது?

பாய்லரின் புகைக்குழாயில் இருந்த சின்ன ஓட்டையில், காற்றிழுப்பை அளக்கும் இழுவைமானியைச் சொருகிவிட்டு அதன் முள்ளைப் பார்த்தாள். நல்ல புகைபோக்கி என்றால் முள் ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே நிற்கும். இது மெதுவாக உள்பக்கம் சாய்ந்தது, கொஞ்சம் நின்றது, அதே நிதானத்தில் வெளிப்பக்கம் வந்தது, மறுபடி நின்றது.

"மேல காத்தடிக்குதா?"

"ஒரு துணிகூட ஆடல. ஏன்?"

"சும்மாதான்."

புதுப் பெயின்ட் வாசனை, எண்ணெய் வாசனை, அதற்கெல்லாம் அடியில் ஈரக் கரியின் வாசனை, தலைக்கு மேலே ஒற்றை விளக்கு, சுவரின் உச்சியில் காற்றுத் துவாரத்தின் கம்பிச் சட்டங்கள் வழியே கோடு கோடாக விழும் மத்தியான வெளிச்சம். இவற்றுக்கு நடுவே முள் சாய்வதையும் நிமிர்வதையும் பார்த்துக்கொண்டே நின்றவளுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, தன் மூச்சும் அதே கணக்கில்தான் போய்வருகிறது என்று. வீம்புக்கு மூச்சை அடக்கிப் பார்த்தாள். முள் நின்றது. காத்திருக்கிற மாதிரி நின்றது.

"சீ," என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அறைக் காற்றுதான் முள்ளை ஆட்டுகிறது என்று முடிவு கட்டினாள். அதைச் சரிபார்க்க, இந்தத் தொழிலில் எல்லாரும் செய்கிற, செய்ததாக ஒருத்தரும் ஒப்புக்கொள்ளாத காரியம் ஒன்று உண்டு. காற்றுத் துவாரத்தை அடைப்பது. பாய்லர் அறையில் அதை மட்டும் எந்தக் காலத்திலும் அடைக்கக்கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்கிறவளே அவள்தான். ரெண்டே நிமிஷம், பர்னரும் எரியவில்லையே. ஏணியில் ஏறி ஒரு பிளாஸ்டிக் விரிப்பைத் துவாரத்தின் மேல் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டினாள். வராந்தாப் பக்கமாகத் திறக்கிற இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

முள் அசையாமல் நின்றது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு அது சாய்ந்தது.

சாய்ந்துகொண்டே போனது. கடைசிக் கோட்டைத் தாண்டி, அதற்கு மேல் போக இடமில்லாமல் ஓரத்தில் முட்டி நின்றது. திரும்பவில்லை. பிளாஸ்டிக் விரிப்பு உள்பக்கமாக உப்பியது, நிறைமாச வயிறு மாதிரி. காதுக்குள் 'டப்' என்று அடைத்தது. தரையில் கிடந்த சிமென்ட் தூசி எறும்பு வரிசைபோலப் பாய்லரை நோக்கி ஊர்ந்தது.

கதவைத் தள்ளினாள். அசையவில்லை. தோளைக் கொடுத்து இடித்தாள். பூட்டில்லாத கதவு. காற்று உள்பக்கமாக இழுக்கும்போது வெளிப்பக்கம் திறக்கிற கதவு எப்படித் திறக்கும்? அவளுக்கே தெரிந்த கணக்குதான். துவாரத்தைத் திறந்துவிட்டால் சரியாகிவிடும். ஏணியில் ஏறினாள். கத்தியால் விரிப்பைக் கிழித்தாள்.

வெளிச்சம் வரவில்லை.

கம்பிச் சட்டங்களுக்கு நடுவே கறுப்பாக ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. தொட்டாள். வெதுவெதுப்பு. ஈரம். விரல் பட்ட இடம் குழிந்து, எடுத்ததும் மெல்ல மேலே வந்தது. கையெல்லாம் கரி. வெளியே மணி பன்னிரண்டரை. வெயில் அடிக்கிற நேரம்.

இறங்கி போனை எடுத்தாள். மூச்சு பாதியில் அறுந்தது.

"என்னங்க... கீழ வாங்க. கதவு தொறக்கல. ஓடி வாங்க."

"ஏய், வருது வருது!" அவன் குரலில் ஒரே குஷி. "புகை வருது! அடேயப்பா, மொத்தமா வருதே!"

"புகைய விடுங்க. நான் மாட்டிக்கிட்டேன். கேக்குதா?"

"என்ன? உள்ள எட்டிப் பாக்கணுமா?"

அவள் அப்படிச் சொல்லவில்லை.

"சரி சரி, பாக்கறேன். கத்தாத. அங்க இருந்து பேசினா இவ்வளவு தெளிவாக் கேக்குமா? பக்கத்துல நிக்கற மாதிரியே இருக்கு. இரு, போன வெச்சுட்டு வரேன்."

புகைபோக்கியின் செங்கல்மேல் போனை வைக்கிற சத்தம். அதற்குப் பின்னால், அவன் இருக்கிற மாடியில், ஒரு பெண் குரல் பேசியது. கொஞ்சலாக. தன் குரலை வெளியே இருந்து கேட்டால் யாருக்கும் சட்டென்று அடையாளம் தெரியாது. அவளுக்கும் ஒரு நொடி பிடித்தது.

"இன்னும் கொஞ்சம் குனிடா," என்றது அவள் குரல்.

வேலையிடத்தில் அவள் அவனை 'என்னங்க' தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. 'டா' போடுவது வீட்டில், கதவைச் சாத்திய பிறகு. அது அவர்கள் ரெண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

"போகாதீங்க! அது நான் இல்ல! என்னங்க!"

காற்றில்லாத அறையில் சத்தம் தொண்டையைத் தாண்டவில்லை. போனில் அவன் கூச்சத்தோடு சிரிப்பது கேட்டது. செங்கல்லில் சட்டை உரசியது. ஒரு செருப்பு தரையில் விழுந்தது.

அலறல் இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

முள் விடுபட்டுத் திரும்பியது. காது திறந்தது. கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. இப்போது இழுவை இல்லை. ஆனாலும் திறக்கவில்லை.

குழாய்க்குள் கரி உதிர்ந்தது. முதலில் பொடியாக. பிறகு கட்டியாக.

பிறகு ஏதோ கனமாக இறங்கியது. பொறுமையாக. ஒவ்வொரு மாடியாக. ஐந்து. நான்கு. சுவருக்குள் அது நகர்வதைக் காதால் எண்ணினாள். மூன்று. இரண்டு. அந்தப் பெரிய புகைபோக்கியிலிருந்து பாய்லருக்கு வரும் குழாய் ஒரு சாண்கூட அகலமில்லாதது. காலையில் அவன்தான் அதைப் பொருத்தினான். அதற்குள் பூனைகூட நுழையாது.

நுழைந்தது.

தகரம் புடைத்தது. முதல் இணைப்பு. வளைவு. இரண்டாவது இணைப்பு. ஒரு திருகாணி தெறித்துச் சுவரில் அடித்தது. பாய்லர் ஒருமுறை குலுங்கி அடங்கியது.

"மேஸ்திரியம்மா," என்றான் உள்ளிருந்து. அதே பாதி கிண்டல். "வந்துட்டேன். தொறங்க. இங்க இடமே இல்ல."

அவள் ஸ்பேனரை எடுத்தாள். கை தானாகவே போனது. பாய்லரின் முன்கதவில் நான்கு போல்ட். முதல் போல்ட்டில் மாட்டினாள். அவன்தானே. அடிபட்டிருப்பான். எலும்பு முறிந்திருக்கும். உயிர் இருக்கும். தளர்த்தினாள். அரைச் சுற்று.

"வலிக்குதாங்க?"

"இல்லயே," என்றான்.

"சீக்கிரம் ஆகட்டும்டா," என்றது அவள் குரல், அவனுக்குப் பக்கத்திலிருந்து.

இருவரும் சிரித்தார்கள். ஒரே வாயால்.

அவள் போல்ட்டை இறுக்கினாள். அழுதுகொண்டே, ஸ்பேனரில் முழு உடம்பையும் போட்டு இறுக்கினாள். கணவன் மேல் கதவைச் சாத்துகிறோம் என்று தெரிந்தே இறுக்கினாள்.

"ஏய். என்ன பண்ற? நான்தான்."

இறுக்கினாள்.

மேல் வலது போல்ட் தானாகச் சுழல ஆரம்பித்தது. ஸ்பேனரை அதற்கு மாற்றினாள். அது நின்றது. கீழ் இடது சுழன்றது. அதைப் பிடித்தாள். மேல் இடது. அதன் தலையை வெறும் விரலால் அழுத்திப் பிடித்தாள். தோல் உரிந்தது.

உள்ளே அவசரமே இல்லை.

கீழ் வலது போல்ட் மெதுவாக, மரையின் கடைசிச் சுற்று வரை வெளியே வந்து, அவள் பாதத்தருகே விழுந்தது. கதவின் அந்த மூலை ஒரு நூலளவு விலகியது. அந்த இடுக்கில், தகரத்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, கரி படிந்த விரல்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. நான்கு. ஐந்து. ஆறு. ஏழு.