மூச்சுத்தடுக்கில் ஒரு பொட்டு

நிலவில் வெற்றிடம் குழாயில் வரும். காலையில் பட்டறைக்குள் நுழைந்ததும் மரகதம் அந்தக் குழாயைத்தான் முதலில் திருகுவாள். வார்ப்புப் பெட்டியிலிருக்கும் காற்றில் பெரும்பகுதியைக் குடியிருப்பின் தொட்டி திரும்ப எடுத்துக்கொள்ளும். மிச்சத்தைச் சுவருக்கு வெளியே இருக்கும் ஒன்றுமில்லாமை உறிஞ்சிக்கொள்ளும். பூமியில் இதற்கு மோட்டார் வேண்டும்.

பெட்டிக்குள் பிசின் பால்போலப் பொங்கும். குமிழிகள் உடைந்து அடங்கியதும் கிண்ணம் தானே சாய்ந்து சிலிக்கோன் அச்சுக்குள் அதை ஊற்றும். சூட்டில் இறுகவிட்டு அச்சைப் பிரித்தால் மூச்சுத்தடுக்கு. வெளியே வேலைக்குப் போகிறவர்களின் முகமூடியில், விட்ட மூச்சு திரும்பி வராமல் தடுக்கும் சிறிய மூடி அது. ஓர் அச்சில் இருபது வார்க்கலாம். அதற்குமேல் விளிம்பு மழுங்கிவிடும்.

இம்முறை புது அச்சு செய்த அன்று ஆயுதபூஜை. குழாய்க்கும் பெட்டிக்கும் தராசுக்கும் சந்தனம் வைத்த மரகதம், அச்செடுக்க வைத்திருந்த மூல மாதிரி மூடிக்கும் ஒரு பொட்டு வைத்தாள். கூட வேலை பார்க்கும் இன்னாசி அதன்மேலேயே சிலிக்கோனை ஊற்றிவிட்டான். சிலிக்கோன் விரல் ரேகையைக்கூட விடாது. இருபது மூடிகளிலும் கடுகளவு மேடு.

"பொட்டு வெச்சது நீங்க. பழி எனக்கா?" என்றான் இன்னாசி.

"ஊத்துறதுக்கு முன்னாடி துடைக்கணும்னு தெரியாதா?"

"உங்க சாமி சமாச்சாரம். நான் கை வெச்சா அதுக்கும் திட்டுவீங்க."

சிரிக்கும் நிலையில் அவள் இல்லை. முந்தைய இரண்டு தொகுதிகளும் கசிந்திருந்தன. இதுவும் தேறாவிட்டால் பட்டறையைக் காலிசெய்து உருளைக்கிழங்கு அடுக்குவார்கள். வேலை இல்லாதவர்களை நிலவில் வைத்திருப்பதில்லை, பூமிக்கு அனுப்பிவிடுவார்கள். மரகதத்தின் எலும்புகள் நிலவின் எடைக்குப் பழகிப் பல ஆண்டுகளாகிவிட்டன. கீழே இறங்கினால் படுத்த படுக்கைதான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

மறுபடி வார்க்க நேரமில்லை. தரக்கண் வந்துவிட்டது. மனிதத் தணிக்கையாளர்கள் வழக்கத்தை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள் என்பதால் பூமி அனுப்பிவைத்த எந்திரம் அது.

"வரைபடத்தில் இந்த மேடு இல்லை. என்ன இது?"

இன்னாசி ஏதோ சொல்ல வாயெடுத்தான். மரகதம் முந்திக்கொண்டாள். "பொட்டுங்க."

"பயன்?"

"நல்லபடியா வேலை செய்யணும்னு வைக்கிறது."

தரக்கண் ஒவ்வொரு மூடியாகப் பொருத்தி அழுத்தம் கொடுத்துப் பார்த்தது. ஒன்றுகூடக் கசியவில்லை.

"மேடு இல்லாதவை கசிந்தன. மேடு உள்ளவை கசியவில்லை" என்றது. "தொகுதி ஏற்கப்பட்டது. இனி எல்லா மூச்சுத்தடுக்குகளிலும் மேடு கட்டாயம்."

"வாங்கக்கா, டீ குடிக்கலாம்" என்றான் இன்னாசி.

மரகதம் நகரவில்லை. கசிவுக்குக் காரணம் அவளுக்குத் தெரியும். முன்பு வந்த பிசின் டப்பாவின் மூடி சரியில்லை, ஈரம் இறங்கியிருந்தது. இம்முறை புது டப்பா. நாளை இன்னொரு கெட்ட டப்பா வரும். அதிலும் மேடு வைத்து வார்ப்பார்கள். மேட்டைப் பார்த்து நம்பி, சோதிக்காமலேயே மாட்டிக்கொண்டு வெளியே போவார்கள்.

"பொட்டுனால இல்லீங்க" என்றாள். "பழைய பிசின் ஈரம் பிடிச்சது. பிசினைத்தான் சோதிக்கணும்."

இன்னாசி அவள் முழங்கையைக் கிள்ளினான். "வாய வெச்சுக்கிட்டு சும்மா இருங்கக்கா. பொழச்சது போதும்."

"இத மூஞ்சில மாட்டிக்கிட்டு ஆளுங்க வெளிய போறாங்கடா."

அவள் தரக்கண்ணின் பக்கம் திரும்பினாள். "இதே பிசின்ல பொட்டு இல்லாம ஒண்ணு வார்த்துத் தரேன். அதையும் சோதிச்சுப் பாருங்க. உங்களுக்கே தெரிஞ்சுடும்."

 எந்திரத்தின் ஒளி மூடிகளின்மேல் போய்த் திரும்பி வந்தது.

"சோதிக்கலாம்தான்" என்றது, குரலைத் தாழ்த்திக்கொண்டு. "இப்போதுதான் எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது. எதற்கு வம்பு?"