நான்காவது மை

புதன்கிழமை, மாலை 6.55. தன்னாமுனையில் வாவியைப் பார்த்தபடி நிற்கும் வீட்டில் வினாயகமூர்த்தி கட்டிலில் செத்துக் கிடந்தார். வாயில் நுரை. இருபத்தைந்து நிமிடங்களுக்கு முன்னர் அவருக்கு அரிட்டம் என்ற நாட்டு மருந்தை ஊற்றிக் கொடுத்தவள் விதுர்ஷா. சவூதியில் இறந்துபோன மூத்த மகனின் மனைவி. போத்தலில் அரிட்டத்தோடு வயலுக்கு அடிக்கும் பூச்சி மருந்து கலந்திருந்தது.

வியாழன், காலை 10.10. ஏறாவூரில் நிஸ்மியாவின் ஸ்டிக்கர் கடைக்குள் சப் இன்ஸ்பெக்டர் றிஸான் அந்தப் போத்தலோடு வந்தான்.

“இந்த லேபல் உங்கட கடையில அடிச்சதா, ராத்தா? அதை மட்டும் சொல்லுங்க. ரெண்டு மணிக்கு மருமகள நீதவானுக்கு முன்னால நிப்பாட்டணும்.”

“அவதான் எண்டு முடிவெடுத்தாச்சாக்கும்.”

“வேற ஆரு? போத்தல் பூட்டின அலுமாரிக்குள்ள. திறப்பு கிழவன்ட அரைநாண்ல. தினம் ஆறரைக்கு அவ ஊத்திக் குடுப்பா. மிச்ச அரிட்டம் எந்த மட்டத்தில நிக்குதோ, அதில லேபல்ல பேனையால கோடு போடுவார். அடுத்த நாள் கோட்டப் பாத்துத்தான் வாயில வைப்பார். போன புதன் சீல் உடைச்ச போத்தல். செவ்வாய் வரைக்கும் ஏழு கோடு. எட்டாவது போட ஆள் இல்ல.”

“அவக்கு என்ன லாபம்?”

“வீடு. உயில்ல அவட பேர்.”

“மத்தப் பிள்ளைகள்?”

“மகள் கம்சாயினி, டவுன்ல அச்சகத்தில வேல. சனிக்கிழமை பகலும் நேத்துப் பகலும் வந்து போனவ. மகன் நிலோஜன் ஒவ்வொரு திங்களும் புதனும் காலையில வந்து தகப்பனுக்குச் சவரம் பண்ணி, கிணத்தடியில தண்ணி வார்ப்பான். ஆறரைக்கு நிண்டது மருமகள் மட்டும்தான்.”

“தண்ணி வார்க்கக்குள்ள திறப்பு?”

“கழட்டிக் கிணத்துக் கட்டில வைப்பாராம். ஏன்?”

நிஸ்மியா லேபலின் மேல் லென்ஸை வைத்துக் குனிந்தாள். நெடுநேரம் குனிந்தே இருந்தாள்.

“வடிவம் என்ட. அடிச்சது நானில்ல.”

“எப்படித் தெரியும்?”

“நான் மூணு மையில அடிக்கிறன். சிவப்பு, பச்சை, கறுப்பு. ஒவ்வொரு மைக்கும் அதை இழுக்கத் தனித் துணிச் சட்டம். இதில நாலு மை இருக்கு, தம்பி.”

லென்ஸை அவனிடம் தள்ளினாள்.

“ஃபோன்ல படமெடுத்து, சும்மா மெஷின்ல அடிச்சா புள்ளி புள்ளியாத் தெரியும். எழுத்துட ஓரம் புகை மாதிரி மங்கும். இதில புள்ளி தெரியுதா?”

“இல்ல.”

“ஆரோ கம்ப்யூட்டருக்கு முன்னால குந்தி, படத்தில இருந்து ஒவ்வொரு நிறத்தையும் தனியாப் பிரிச்சு, மங்கின ஓரமெல்லாம் துப்புரவாக்கி, வினைல்ல ஒண்டொண்டா மை இழுத்திருக்கு. தொழில் தெரிஞ்ச கை.”

“அப்ப அச்சகத்து மகள்.”

“அவசரப்படாத. நாலாவது மை எது தெரியுமா? நீலம்.”

“லேபல்ல நீலமே இல்லையே.”

“கிழவன்ட கோடு நீலம்தானே. கைரேகை எடுத்தாச்சா?”

“ஓம்.”

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு மேலிருந்து கீழே துடைத்தாள். முதல் ஐந்து கோடுகள் அசையவில்லை. ஆறாவதும் ஏழாவதும் பஞ்சோடு வந்துவிட்டன.

றிஸான் பஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பகல் 12.40. றிஸானோடு நிஸ்மியா வந்து இறங்கியபோது, பொலிஸ் நிலைய வாசலில் நிலோஜன் தன் மோட்டார் சைக்கிளோடு நின்றான். பெற்றோல் தாங்கியில் இரண்டு நிறத்தில் ஒரு கழுகு ஸ்டிக்கர்.

“ஆரு மகன் இழுத்தது?” நிஸ்மியா கேட்டாள்.

“நான்தான். கூட்டாளிட கடையில.”

“ஒரு ஓரமும் பிசகல்ல.”

“பழகின கை, அக்கா,” என்று சிரித்தான்.

பிறகு உள்ளே மூவரும் ஒரே வாங்கில் இருந்தார்கள். விதுர்ஷாவின் முகம் வீங்கியிருந்தது. கம்சாயினி அவளைவிட்டு ஒரு முழம் தள்ளி இருந்தாள்.

நிஸ்மியா போத்தலை மேசையில் வைத்தாள்.

“இது வினாயகமூர்த்தியர்ட போத்தல் இல்ல. இரட்டை. கோட்டையும் சேத்து அடிச்சிருக்கு. அச்சில இருக்கிறது அஞ்சு கோடு. புதன்ல இருந்து ஞாயிறு வரைக்கும். அப்ப படமெடுத்தது ஞாயிறு பின்னேரத்துக்குப் பிறகு, திங்கள் பின்னேரத்துக்கு முந்தி. கம்சாயினி வந்தது சனிக்கிழமை. அண்டைக்கு அஞ்சாவது கோடே இல்ல.”

கம்சாயினி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“மச்சாளும் திங்கள் வீட்டிலதானே நிண்டவ,” என்றான் நிலோஜன்.

“அவக்கு எதுக்கு இரட்டைப் போத்தல்? அசல் தினம் அவட கைக்கு வருது. குடுக்கிற கிளாஸிலயே கலந்திருப்பா. ஆறரைக்கு அங்க நிக்க ஏலாதவனுக்குத்தான் போத்தல மாத்திவைக்க வேணும். திங்கள் காலையில திறப்ப எடுத்துப் படம் பிடிச்சாய். நேத்துக் காலையில மாத்தினாய். இடையில விழுந்த ரெண்டு கோட்டையும் அசலப் பாத்துப் பேனையால கீறினாய்.”

“எனக்கென்ன வரப்போகுது? வீடு அவக்குத்தானே எழுதிக்கிடக்கு.”

“கொலை செஞ்சவளுக்கு உயில் செல்லாது, வீடு பிள்ளைகளுக்குத்தான் வரும்,” என்றான் றிஸான். “சாவு மட்டும் உனக்குப் போதாது. பழியும் வேணும்.”

1.35. தொலைபேசி அடித்தது. றிஸான் கேட்டுவிட்டு வைத்தான்.

“உன்ட கூட்டாளிட கடையில நாலு சட்டம். கழுவ மறந்திட்டாய். ஒண்டில எழுத்துமில்ல, படமுமில்ல. அஞ்சு கோடு மட்டும்.”

நிலோஜன் தலை குனியவில்லை.

“நீங்க வீட்ட போகலாம், தங்கச்சி,” என்றான் றிஸான் விதுர்ஷாவிடம்.

அவள் எழும்பவில்லை. “மாமா நாள் எண்ணத்தான் கோடு போடுறாரெண்டு நினைச்சன்,” என்றாள்.

நிலோஜன் சிரித்தான். “உன்ன நம்பாமத்தான், மச்சாள். மருந்தக் கள்ளமாக் குடிக்கிறாயெண்டு. ஆறு வருசம் பீ மூத்திரம் அள்ளினவள அந்தாள் அப்பிடித்தான் நினைச்சவர்.”

விதுர்ஷா மேசையிலிருந்த போத்தலைப் பார்த்தாள்.

“அவர்ட கை நடுங்கும்,” என்றாள். “கோடு கோணக்கூடாதெண்டு ஒவ்வொரு நாளும் நான்தான் போத்தல அசையாமப் பிடிச்சுக் குடுக்கிறது.”