ஒரு நொடிக்கு ஒரு குமிழ்

அவள் கையாலேயே மூடிய வால்வு. இறுக்கித் திருகிவிட்டுத்தான் சமையலறைக்குப் போனாள். திரும்பி வந்து பார்த்தால், மீன்தொட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சின்னக் கண்ணாடிக் குப்பிக்குள் குமிழ்கள் ஏறிக்கொண்டிருந்தன.

தொட்டி கணவனுடையது. மீன்களைவிட அதிலிருக்கும் செடிகள்தான் அவனுக்கு உயிர். அவற்றுக்குக் கார்பன் டை ஆக்சைடு வேண்டுமென்று சிலிண்டர் வாங்கி, கீழ் அலமாரியில் வைத்து, குழாய் இழுத்திருந்தான். எவ்வளவு போகிறது என்று காட்டத்தான் அந்தக் குப்பி. ஒரு நொடிக்கு ஒரு குமிழ், கூடவும் கூடாது குறையவும் கூடாது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பாடம் எடுப்பான்.

செடி எக்கேடு கெட்டால் அவளுக்கென்ன? அவள் கவலையெல்லாம் வாண்டைப் பற்றி. நடக்கப் பழகிய கையோடு வீட்டையே இரண்டாக்கிய பிள்ளை, இந்த மழை தொடங்கியதிலிருந்து தொட்டியை ஒட்டிப் போட்ட மெத்தையில் சுருண்டு சுருண்டு படுக்கிறான். உதட்டில் ஒரு நீலம். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். அந்த வாயு கனமானது, தரையோடு தேங்கும் என்று கணவனே ஒருமுறை சொல்லியிருக்கிறான். அப்புறம் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? அவள் மூட மூட யாரோ திறக்கிறார்கள். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

"நீங்கதான திறக்கிறீங்க?"

"நான் தொடவே இல்லம்மா," என்றான், தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுநாள் மாலை, அவன் வேலையிலிருந்து வருவதற்குள் சிலிண்டரைக் கழற்றினாள். இடுப்பில் வாண்டு, கையில் சிலிண்டர். கொடுத்துத் தலைமுழுகிவிடலாம் என்று வாங்கிய கடைக்கே போனாள். கடைக்காரர் தூக்கிப் பார்த்துவிட்டு அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

"இது காலியாகி மாசக்கணக்காச்சு தங்கச்சி. ரொப்பித் தரட்டான்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட நானே கேட்டேன். இனிமே தேவைப்படாதுன்னுட்டாரு."

வீடு திரும்பியபோது தெருவெல்லாம் இருட்டிவிட்டிருந்தது. கூடத்தில் தொட்டி விளக்கு மட்டும் தானாக எரிந்து, செடிகளின் நிழல் சுவரிலும் கூரையிலும் நெளிய, ஊறிய மண்ணும் பாசியும் கலந்த வாடை மூக்கை அடைக்க, மோட்டாரின் முனகலுக்கு நடுவே இன்னொரு மெல்லிய சத்தம் கேட்டது. வாண்டை மெத்தையில் கிடத்தினாள். சிலிண்டர் இல்லாத குழாயின் முனை அவன் தலைமாட்டில் வெறுமனே கிடந்தது.

குப்பிக்குள் குமிழ்கள் ஏறிக்கொண்டிருந்தன.

சீராக இல்லை. ஒரு கொத்து. ஒரு நிறுத்தம். மறுபடி ஒரு கொத்து.

வாண்டின் நெஞ்சைப் பார்த்தாள். தாழ்ந்தது. ஒரு கொத்து. ஏறியது. நின்றது.

பிள்ளையை வாரிக்கொண்டு வாசல்வரை ஓடினாள். திரும்பிப் பார்த்தாள். குமிழ் நிற்கவில்லை.

ஓடி வந்து குழாயை மடித்து நசுக்கினாள். குமிழ் நின்றது. தோளில் கிடந்தவனின் மூச்சும் நின்றது.

விட்டாள். மூச்சு வந்தது. குமிழும்.

பிடுங்க முடியாது. அடைக்க முடியாது. கணவனைக் கேட்கலாம். எதைக் கேட்பது?

பிள்ளையைக் கிடத்தினாள். குழாயின் முனையை எடுத்தாள். வாயில் வைத்து ஊதினாள்.

குமிழ்கள் பொங்கின. வாண்டின் உதட்டில் சிவப்பு ஏறியது. கண்ணைத் திறந்து, "ம்மா" என்றான். எழுந்து உட்கார்ந்தான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பூட்டில் சாவி திரும்பியது. கணவன் வந்தான். செருப்பை ஓரமாக விட்டான். அவளைப் பார்த்து அவன் திடுக்கிடவில்லை. வாண்டைத் தூக்கிக் கொஞ்சினான். பிள்ளை கலகலவென்று சிரித்தான்.

அவள் கேட்க வாயைத் திறந்தாள். குழாய் நழுவியது. சிரிப்பு பாதியில் நின்றது.

மறுபடி கவ்விக்கொண்டாள்.

கணவன் ஒரு தலையணையை எடுத்து வந்து அவள் முதுகுக்கு அண்டக் கொடுத்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். தொட்டிக்குள் இலைகளெல்லாம் விறைத்து நிமிர்ந்திருந்தன.

"மெதுவா விடும்மா," என்றான். "ஒரு நொடிக்கு ஒண்ணு."