இரண்டு தட்டு

காலையில் காபி உப்புக் கரித்தது.

பிரின்ஸ் ஒரு மிடறு குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான். மேலகரத்தில் தண்ணீர் உப்புக் கரிப்பதாவது! குற்றாலத்து மலை கூப்பிடு தூரத்தில் நிற்கிறது, நான்கு நாளாகச் சாரல் விடவில்லை, ஐந்தருவியில் வெள்ளம் என்று குளிக்கத் தடை போட்டிருக்கிறார்கள். இந்த ஆடி மாதத்தில் வீட்டுக் குழாயில் கடல் வருமா? எழுந்து போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்து உள்ளங்கையில் ஏந்தி உறிஞ்சினான். உப்புத்தான். அதற்கும் அடியில் மெல்லிய பெட்ரோல் வாடை.

அவன் மனைவி கிருபா அதே தண்ணீரை ஒரு செம்பு நிறையப் பிடித்து மடமடவென்று குடித்தாள்.

"நல்லாத்தான இருக்கு. ஒங்க நாக்குலதான் கோளாறு. மாத்திரைய ஒழுங்கா முழுங்குதியளா?"

"தொட்டிக்குள்ள என்னமோ கெடக்கு, கிருபா."

"மூணு நாளா இதையேதான் சொல்லுதிய. மேல ஏறிப் பாக்க மட்டும் பயம். இருங்க, இன்னைக்கி நானே உள்ள எறங்கிக் கழுவிருதேன்." பாத்திரம் கழுவும் இடத்தில் காயப்போட்டிருந்த ரப்பர் கையுறைகளை எடுத்து உதறினாள். பிளீச்சிங் பவுடர் பட்டால் அவளுக்குக் கை அரிக்கும். அதற்காகவே வாங்கிய ஆரஞ்சு உறைகள்.

பயம் என்று அவள் சொன்னதில் பொய்யில்லை. மொட்டை மாடியில் இருக்கும் அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியை அவன் ஊர் திரும்பிய நாளிலிருந்தே நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஒரே ஒரு தடவை ஏறினான். தொட்டி நிரம்பி வழிகிற தண்ணீர் தன் முற்றத்தில் விழுவதாகப் பக்கத்து வீட்டு ஆவுடைத்தாய் சண்டைக்கு வந்தபோது, வழியும் குழாயில் பழந்துணியைத் திணித்து அடைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு இறங்கி ஓடிவந்தான்.

தூத்துக்குடியில் படகு என்ஜின் பழுது பார்த்தவன் வளைகுடாவுக்குப் போய், கடலில் பந்தயப் படகு விடும் பணக்காரர் ஒருவரிடம் சேர்ந்தான். அந்தப் படகில் இரண்டு பேர். ஒருவன் சுக்கான் பிடிப்பான், மற்றவன் வேகத்தைக் கூட்டிக் குறைப்பான். சுக்கானில் செங்கோட்டைக்காரன் பென்னி. வேகத்தில் பிரின்ஸ். மணிக்கு இருநூறு கிலோமீட்டரில் போகும்போது கடல் சிமெண்டுத் தரை. முதல் வருடமே ஓர் இத்தாலிக்காரனை மூன்று மூட்டையாகக் கரைசேர்த்ததைப் பார்த்தார்கள். அடுத்த வருடம் முன்மூக்கு தண்ணீரில் குத்தி நொறுங்கிய படகிலிருந்து ஒரு தலைக்கவசம் மட்டும் மிதந்து வந்தது. அது காலியாக இல்லை. பார்த்துவிட்டு இரண்டு பேரும் பிரியாணி சாப்பிடப் போனார்கள். சாவு அடுத்தவன் வீட்டு விசேஷம் என்று நினைக்கிற வயது.

படகு கவிழ்ந்தால் மூச்சு விட, இருக்கைக்குப் பின்னால் ஆளுக்கொரு காற்று உருளை. தன் உருளையின் திருகு தன் கைக்கு எட்டாது. அதனால் மேல்கூரை மூடுவதற்கு முன் இவன் அவனுடையதையும் அவன் இவனுடையதையும் திறந்துவிட்டு, தலைக்கவசத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார்கள். இரண்டு தட்டு என்றால் திறந்தாச்சு என்று பொருள். கடைசிப் பந்தயத்தன்று முதலாளி கரையிலிருந்து கத்திக்கொண்டிருந்தார், என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது, பிரின்ஸுக்குப் பொறுமை இல்லை. தட்டினான். திறக்கவில்லை.

மூன்றாவது சுற்றில் அலை தூக்கியது. மூக்குக்கு அடியில் காற்றுப் புகுந்து படகு மல்லாந்தது. தப்பிப்பதற்கான கதவு படகின் அடிவயிற்றில் இருக்கும். கவிழ்ந்தபின் அதுதான் உச்சி. பிரின்ஸ் அதன் வழியே வெளியே வந்தான். வழுவழுவென்ற அந்தக் கறுப்பு வயிற்றில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாததால், அந்தக் கதவின்மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

கீழே தட்டினான் பென்னி. இரண்டு. நிறுத்தினான். மறுபடி இரண்டு. கேட்கிறான், திறந்தாயா என்று. கதவு ஒரு முறை விரலளவு உயர்ந்து, ஆரஞ்சுக் கையுறை விரல்கள் நான்கு வெளியே வந்தன. அந்த நான்கு விரலைப் பிடித்து இழுத்திருக்கலாம். உள்ளே இருப்பவன் தன்னையும் இழுத்துவிடுவான் என்று பிரின்ஸ் பயந்தான். அழுத்தி உட்கார்ந்தான். மீட்புப் படகு வர நான்கு நிமிடம் ஆயிற்று.

"ஒரு நொடியில முடிஞ்சிட்டு மைனி. வலியே தெரிஞ்சிருக்காது," என்று பென்னியின் மனைவி ரெபேக்காளிடம் சொன்னான். அவள் அவன் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மத்தியானம் மாத்திரை போட்டுப் படுத்தவன் சத்தம் கேட்டு விழித்தான்.

டொக். டொக்.

வெளியே சாரல் தகரத்தில் பொரிந்துகொண்டிருந்தது. அறை முழுக்க ஈரத்துணி வாடை, அதோடு பெட்ரோல் வாடை, தூக்கம் கலையாத தலைக்குள் அலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. "கிருபா," என்றான். பதில் இல்லை. கடைக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். காலையில் அவள் சொன்னதை மாத்திரை முழுங்கியிருந்தது. குழாயைத் திறந்தான். அது இருமிவிட்டுக் காற்றைத் துப்பியது.

மேலே மறுபடி. டொக். டொக்.

படியேறினான். மாடிக் கதவு திறந்து கிடந்தது. தொட்டியில் ஏணி சாய்ந்திருந்தது. மூடி இல்லை. வட்டமான கறுப்பு வாய். அதற்குள் ஏதோ உரசும் சத்தம். பிறகு ஒரு முனகல். தொட்டிக்குள் எல்லாக் குரலும் ஒரே குரல்தான்.

வாயின் விளிம்பில் விரல்கள் வந்தன.

நான்கு. ஆரஞ்சு.

ஏணியில் எப்படி ஏறினான் என்று அவனுக்கே தெரியாது. மூடியை எடுத்து அந்த விரல்கள்மேல் அறைந்தான். உள்ளே அலறல். விரல்கள் போயின. திருகினான். இறுகும்வரை திருகினான். மூழ்கியவனை அடக்க வேறென்ன வழி? மறுபடி மூழ்கடிக்க வேண்டியதுதான். இறங்கி, மாடிக் கதவோரம் இருந்த மோட்டார் சுவிட்சைப் போட்டான். ஓடிவந்து மூடியின்மேல் உட்கார்ந்தான்.

கீழே தண்ணீர் விழுந்தது. தட்டல். இரண்டு, இரண்டு என்று எண்ணினான். அது இரண்டாக இல்லை. பத்து, இருபது, எண்ண முடியாமல். தொட்டி குலுங்கியது. தொடைக்கு அடியில் ஒரு குரல் எதையோ திரும்பத் திரும்பச் சொன்னது. பெயர் மாதிரி இருந்தது. காதைப் பொத்திக்கொண்டான்.

பிறகு மூடியின் ஓரமெல்லாம் தண்ணீர் கசிந்து கைலியை நனைத்தது. குளிர்ந்தது.

தட்டல் நின்றது.

"ஏ பிரின்சு!" கீழே முற்றத்திலிருந்து ஆவுடைத்தாய். "தொட்டி ரொம்பி வழியுது, மோட்டார அமத்துய்யா! கிருபா கழுவி முடிச்சிட்டாளா? இப்பதான உள்ள எறங்கினா?"

பிரின்ஸ் மூடியைப் பார்த்தான். திறந்தால் உள்ளே பென்னி இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இல்லாமல் இருந்துவிட்டால்? இப்போது திறந்தால்கூட ஒருவேளை. ஒருவேளை. கை மூடியின் விளிம்பில் இருந்தது. திருகவில்லை. விரலில் வழிந்த நீரை நாக்கில் வைத்துப் பார்த்தான்.

உப்பே இல்லை. இனித்தது.

பள்ளிக்கூடத்துப் பையோடு மகள் ஜெனி மாடிக்கு வந்தாள். மோட்டாரை அமர்த்தினாள். எல்லாம் அமைதியாயிற்று. தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும்.

"மழைல ஏன்ப்பா அங்கன உக்காந்துருக்கிய? அம்மா எங்க?"

பிரின்ஸின் கை தானாக எழுந்து மூடியில் தட்டியது. ஒன்று. இரண்டு. திறந்தாச்சு.

அடியிலிருந்து, அவசரமே இல்லாமல், பதில் வந்தது.

டொக். டொக்.

ஜெனியின் முகம் மலர்ந்தது. "அம்மா உள்ளயா இருக்கா?" என்று சிரித்துக்கொண்டே ஏணியில் கால் வைத்தாள்.

பிரின்ஸ் இன்னும் கொஞ்சம் அழுத்தி உட்கார்ந்தான்.