மாறிப்போன ஹெல்மெட்

பிப்ரவரி 6, வெள்ளி. இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். டீக்கடையில் டெனிசனின் ஹெல்மெட்டை என்னுடையது என்று எடுத்துவந்துவிட்டேன். இரண்டும் ஒரே சிவப்பு. நாளை மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஐஸ்வர்யா இதை எழுதி நோட்டை மூடியபோது, டெனிசன் ஒரகடம் சாலையில் ஒரு கன்டெய்னர் லாரியின் பக்கத்தில் கிடந்தான். அவளுடைய சின்ன ஹெல்மெட் அவன் தலையில் இறங்கவில்லை. முழங்கையில் மாட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறான்.

மாலை டேலி கணக்கு வகுப்பு முடிந்ததும் அவளை இருங்காட்டுக்கோட்டை அறைக்கு அருகே இறக்கிவிட்டு, முனை டீக்கடையில் அவளோடு டீ குடித்துவிட்டுப் போவது அவன் வழக்கம். வண்டியில் இரண்டாவது ஹெல்மெட் தொங்கினால் யாருடையது என்று அவன் அம்மா கேட்பாள். அதனால் ஐஸ்வர்யா தன்னுடையதை அறைக்கே கொண்டுபோய்விடுவாள். வீட்டில் கல்யாணம் பேசுவதை ஈஸ்டர் வரைக்கும் தள்ளிப்போட்டிருந்தார்கள்.

மார்ச்சில் ஒரு ஞாயிறு, டெனிசனின் நினைவுப் பூசைக்கு அறைத்தோழி மெர்சியோடு அவன் ஊரான வடக்குப்பட்டுக்குப் போனாள். கூட வேலை செய்தவள் என்று சொல்லித்தான் அவன் வீட்டு வாசல் ஏறினாள். இன்று உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் மனதுக்குள் பேசிப் பார்த்திருந்தாள்.

டெனிசனின் அம்மா செல்வமேரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஹெல்மெட்டு இல்லாம தெருமுனைக்குக்கூட போவாதவன்மா. அன்னிக்கு யாருதோ ஒரு சின்ன ஹெல்மெட்ட கையில மாட்டிகினு வந்துகீறான். இன்னா பண்றது, ஆண்டவரு குறிச்ச நேரம்."

"அந்த ஹெல்மெட்டு எங்கம்மா?"

"அவன் கடைசியா கையில வெச்சிருந்ததாச்சே. அவன்கூடவே பெட்டியில வெச்சி பொதச்சிட்டோம்."

ஐஸ்வர்யா உண்மையைச் சொல்லவில்லை. கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் மெர்சிதான் பேச்செடுத்தாள். "வுடுடி. விதி. நீ மாத்தி எடுக்கலன்னாலும் வேற ஒண்ணு வந்திருக்கும்."

"அப்ப நான் எடுத்தது?"

"அதுவும் விதிதான். டேலி படிக்கிறேன்னு எமன் கணக்கையும் சரிபாக்காத."

"எல்லாமே விதின்னா, என் கை ஏன்டி நடுங்குது?"

மெர்சி அவள் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அறைக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. கரண்ட் இல்லை. மெழுகுவத்தி வாங்க மெர்சி கீழே போனாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் அவனுடைய ஹெல்மெட் தொங்கியது. தினமும் இந்த நேரத்தில் அதை மாட்டிக்கொண்டு சற்று நேரம் உட்காருவாள். அவளுக்கு அது மிகப் பெரியது. அசைந்தால் தலைக்கு மேல் தனியாக ஆடும். உள்ளே அவனுடைய தேங்காயெண்ணெய் வாசம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

எடுத்து மாட்டினாள்.

எண்ணெய் வாசம் இல்லை. ஈர மண்ணின் வாசம்.

தலையை அசைத்தாள். ஹெல்மெட் ஆடவில்லை. காதோடு கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

கழற்றினாள். விரல்கள் உள்துணியைத் தடவின. எப்போதோ தன் ஹெல்மெட்டுக்குள் அவள் ஒட்டிவைத்த கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு அங்கே இருந்தது. வெளியே ஓடு விரிசல்விட்டிருந்தது. விரிசல்களுக்குள் செம்மண், காயாமல்.

ஆணியில் வேறு எதுவும் இல்லை.

கீழே தெருவில் ஒரு பைக் ஹாரன். இரண்டு முறை, சின்னதாக. வந்துவிட்டேன் என்று அவன் சொல்கிற விதம்.

படிக்கட்டில் மெர்சியின் செருப்புச் சத்தம். "யாருடி அவன்? செவப்பு ஹெல்மெட்டு போட்டுகினு நம்ம வாசல்லயே நின்னான். யாரு வோணும்னு கேட்டேன். மேல கை காட்டிட்டுப் பூட்டான்."

விதியா, தன் கையா என்று யாரிடமும் பதில் கிடைக்காமல் இருந்த ஐஸ்வர்யா மெழுகுவத்தி வெளிச்சத்தில் நோட்டைத் திறந்தாள். கை நடுங்கவில்லை.

மார்ச் 22, ஞாயிறு. டெனிசன் வந்து மாற்றிக்கொண்டு போய்விட்டான். கோபமா என்று தெரியவில்லை. நாளை வகுப்பு முடிந்ததும் என் ஹெல்மெட்டுடன் டீக்கடை முனையில் நிற்க வேண்டும்.