கேட்டுக்கொண்டிருக்கும் கவசம்

டாக்டர் பேசி முடித்த பிறகும் சத்தம் நிற்கவில்லை. மாத்திரை இரண்டு வேளை, மறுபடியும் அடுத்த வாரம் வரச் சொல்லவும் என்று சொல்லிவிட்டு அவர் தொண்டையைச் செருமினார். பதிவு அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஹெட்போனுக்குள் ஒரு மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. எங்கோ குழாய் சொட்டியது. யாரோ ஒரு பாத்திரத்தைத் தரையில் வைத்து, காலால் நகர்த்தினார்கள்.

மருத்துவமனைகளிலிருந்து வரும் டாக்டர்களின் குரல் பதிவுகளைக் கேட்டு, வீட்டிலிருந்தபடியே தட்டச்சு செய்து கொடுப்பது அவள் பிழைப்பு. காலடியில் இருக்கும் பெடலை அழுத்தினால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். கணினியில் எந்தக் குரல் பதிவு புதிதாக வந்தாலும், பதிவுகளை ஓட்டும் மென்பொருள் தானாகவே அதை வரிசையில் சேர்த்துக்கொள்ளும். ஏதோ ஒரு டாக்டர் வீட்டிலிருந்து பேசப் போகிறார், அடுக்களையிலிருந்து நோயைச் சொல்லப் போகிறார் மகராசன் என்று நினைத்துக்கொண்டு காலை அழுத்தியே வைத்திருந்தாள்.

அந்த மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை 'டக்' என்றது.

அவள் ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தினாள். தலைக்கு மேலே, சாயங்கால வெளிச்சம் வடிந்துகொண்டிருந்த அந்தச் சின்ன அறையில், அவளுடைய மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் 'டக்' என்றது.

அட, காது கெட்டுப்போச்சு என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. ஹெட்போனில் ஒரு குழந்தை பேசியது. "அம்மா, பென்சில் சீவிக் குடு."

அவள் மகள்தான். நேற்று கேட்டது.

அதற்குப் பிறகு அவளுடைய குரலே வந்தது. பாதி தூக்கத்தில் அக்காவோடு போனில் பேசிய குரல். "இந்த இடம் உன்னைத் தவிர யாருக்கும் தெரியாதுக்கா. தெரியவும் வேணாம்."

போன மாதம் கணினியில் ஏதோ வைரஸ் புகுந்து, ஒரு வாரத்து வேலை மொத்தமும் நாசமாகிப் போயிற்று. பாதுகாப்பு மென்பொருள் போடாவிட்டால் இனி வேலை கிடையாது என்று அலுவலகத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். காசு கொடுத்து வாங்க வழியில்லை. இலவசமாகக் கிடைப்பதில் எது நல்லது என்று நாள்கணக்காகத் தேடினாள். ஒன்று நிமிஷத்துக்கு ஒரு விளம்பரத்தை மூஞ்சியில் வீசியது. இன்னொன்றைப் போட்டதும் கணினி, சாப்பிட்டுப் படுத்த மாடு மாதிரி நகரவே மறுத்தது. அப்போதுதான் அக்கா போன் செய்தாள். அக்கா ஒரு அலுவலகத்தில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்பவள்.

"ஏன்டி இப்படி மண்டையை உடைச்சுக்கிற? நான் ஒரு லிங்க் அனுப்புறேன். எல்லாத்துக்கும் 'சரி'ன்னு அமுக்கிட்டே போ. நான் பாத்துப் பாத்து எடுத்தது."

அமுக்கினாள். ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. அக்கா அனுப்பியதை யார் படித்துப் பார்ப்பார்கள்? விளம்பரம் இல்லை, மந்தம் இல்லை, திரையின் மூலையில் பச்சையாக ஒரு கவசம் மட்டும் உட்கார்ந்துகொண்டது. எதற்கும் இருக்கட்டும் என்று கேமரா மேல் மட்டும் பிளாஸ்திரி ஒட்டினாள். கணினிக்குக் காதும் உண்டென்று, காதை வைத்தே பிழைக்கிற அவளுக்குத் தோன்றவில்லை.

இப்போது முதல் முறையாக அந்தக் கவசத்தை அழுத்தினாள். நீலப் பக்கம் ஒன்று திறந்தது. உங்கள் வீடு பாதுகாப்பாக இருக்கிறது. நேரடி ஒலி: இயங்குகிறது. பதிவுகள்: இந்தக் கணினியில் சேமிக்கப்படுகின்றன. அதற்குக் கீழே, கணக்கின் உரிமையாளர்.

குட்டிம்மா அப்பா.

அவள் புருஷன் தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்வான். பக்கத்து வீட்டுக்காரர்களிடம், கடையில், எல்லா இடத்திலும். மகளைத் தூக்கி மொட்டைமாடிச் சுவருக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு, "இப்ப போறியா என்னை விட்டு?" என்று அவளிடம் சிரித்தபடி கேட்டபோதும் அவன் குட்டிம்மா அப்பாதான். அன்று இரவே பிள்ளையோடு கிளம்பி வந்துவிட்டாள். பஸ் ஏற்றிவிட்டதும் அக்காதான்.

போனை எடுத்து அக்காவை அழைத்தாள்.

"அக்கா. அந்த சாஃப்ட்வேர் யாரோடது?"

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"கோவப்படாம கேளுடி. அவரு மாறிட்டாரு. என் கால்ல விழுந்து அழுதாரு. புள்ளையோட குரலையாவது கேக்கணும்னாரு. குரல்தானே, குடுத்தா என்னன்னு..."

"அட்ரஸ் குடுத்தியா?"

"என் புள்ளைங்க மேல சத்தியமா குடுக்கல. அவ்வளவு கல் நெஞ்சக்காரியா நான்? நீயே சொல்லியிருக்க. தண்ணி கேன்காரனுக்குப் போன்ல வழி சொன்னியாமே, எந்தத் தெரு, எத்தனாவது மாடின்னு. அவருக்குக் கேட்டிருக்கு."

கூடப் பிறந்தவள். ஒரே தட்டில் சாப்பிட்டவள். தங்கையைக் காட்டிக்கொடுத்துவிட்டு, குடும்பத்தை ஒட்டவைப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். அழக்கூடத் தோன்றவில்லை, காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

"பேசித் தீத்துக்கலாம்னு வர்றாருடி. மத்தியானமே கிளம்பிட்டாரு. வாசல்ல நிக்க வெச்சு அவமானப்படுத்தாத. உள்ள கூப்பிட்டு ஒரு வாய்..."

போனைத் துண்டித்துவிட்டு ஓடினாள். கூடத்தில் விளக்குப் போடவில்லை. வாசல் கதவைத் தடவினாள். தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. இரும்பு கையில் ஜில்லென்று பட்டதும்தான் மூச்சே வந்தது. சரி. இன்னும் வரவில்லை. பிள்ளையை எழுப்ப வேண்டும், பையை எடுக்க வேண்டும், பின்படியில் இறங்க வேண்டும். மகள் பள்ளி விட்டு வந்து, உடம்பு லேசாகச் சுடுகிறதென்று உள் அறையில் படுத்திருந்தாள்.

முதலில் அந்தக் காதை அடைக்க வேண்டும். மறுபடி அறைக்குள் வந்து கணினியை அணைக்கப் போனாள். வரிசையில் இன்னும் ஒரு பதிவு இருந்தது. புதியது. இன்று சாயங்காலம் அவள் டாக்டரின் குரலில் மூழ்கிக் கிடந்த நேரத்துடையது.

கேட்க வேண்டாம் என்று நினைத்தாள். கால் அழுத்திவிட்டது.

மின்விசிறி. டக். விசைப்பலகையில் அவளுடைய விரல்கள், வேகமாக, இடைவிடாமல். தூரத்தில் மூன்று முறை தட்டும் சத்தம். மெதுவாக. விரல்கள் நிற்கவில்லை.

சின்னப் பாதங்கள். ஸ்டூலை இழுக்கும் சத்தம்.

தாழ்ப்பாள்.

"அப்பா!" மகளின் குரல், உடனே தணிந்து. "ஷ்ஷ். அம்மா காதுல மாட்டிருக்காங்க. சத்தம் போட்டாத் திட்டுவாங்க."

"சரிடா குட்டிம்மா. சத்தமே போட மாட்டேன். கதவைச் சாத்து."

தாழ்ப்பாள். மறுபடியும்.

விரல்கள் தட்டிக்கொண்டே இருந்தன.

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். வீடு அமைதியாக இருந்தது. திறந்து வைத்திருந்த உள் அறைக் கதவு மூடியிருந்தது. அதற்குப் பின்னால் மகள் களுக்கென்று சிரித்தாள்.

சிரிப்பு பாதியில் நின்றது. ஒரு கை வாயை மூடியது போல.